பன்னிரண்டு ராத்தல் களிமண்

ஓலைத்திடலுக்குக் களிமண் வந்து இறங்கிய அன்று, அதை ஏற்றி வந்த வள்ளத்தின் அடியிலேயே ஒரு சாண் களிமண் அப்பியிருந்தது. வள்ளத்துக்காரன் மூக்கையாவுக்கு முழங்கால்வரை களிமண். பெட்டியை வாங்க உப்பங்கழியில் இறங்கி நின்ற வாத்தியார் அப்துல் குத்தூஸின் வேட்டியிலும் களிமண். மூன்று பக்கம் கழியும் ஒரு பக்கம் கடலுமாகக் கிடக்கிற அந்த ஊரில் வேறு எதுவும் தாராளமாகக் கிடைத்ததில்லை. இதையெல்லாம் யோசித்தோ யோசிக்காமலோ, ஜில்லா கைவினைக் கல்வி அலுவலகம் மதராசிலிருந்து களிமண் தருவித்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு முத்திரையும் குத்தி அனுப்பியிருந்தது.

"என்ன வாத்தியாரே இது, இந்தக் கனம் கனக்குது?" என்றான் மூக்கையா.

"களிமண்ணுண்ணே. பிள்ளைக பொம்மை செய்யிறதுக்கு."

மூக்கையா பெட்டியைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். காலைத் தூக்கிக் காட்டி, "இதுல செஞ்சா ஆகாதாமா?" என்றான்.

"இது அங்கீகாரம் இல்லாத மண்ணு."

மூக்கையா அதற்குமேல் கேட்கவில்லை. பள்ளிக்கூட விஷயம் எதிலும் அவன் குறுக்கே பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஊரில் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பு பிள்ளைகள் கழியைத் தாண்டி அக்கரைக்குத்தான் படிக்கப் போனார்கள். கோடையில் முழங்கால் தண்ணீர். கார்த்திகை பிறந்தால் இரண்டு ஆள் ஆழம். அப்படி ஒரு கார்த்திகையில் இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அதில் ஒன்று மூக்கையாவின் மகள். அதற்கப்புறம்தான் ஊர்க்காரர்கள் பனங்கை வெட்டிப்போட்டு ஓலை வேய்ந்து ஒரு கொட்டகை கட்டினார்கள். பெரியபட்டினத்திலிருந்து குத்தூஸ் வாத்தியார் வந்து சேர்ந்தார். முப்பத்திநான்கு பிள்ளைகள், ஒரே வாத்தியார். பள்ளிக்குத் தற்காலிக அங்கீகாரம். தற்காலிகம் என்பது ஏழு வருஷமாக நிரந்தரமாக இருந்தது.

பெட்டி வருவதற்கு முந்தின மாதம் வாத்தியார் ராமநாதபுரத்தில் மூன்று நாள் களிமண் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். அறுபது வாத்தியார்கள். மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆறு நிறத்தில், சவுக்காரக் கட்டிபோல, களிமண். பக்கத்திலேயே பளபளவென்று ஆறு மரக்கத்திகள். முதல் இரண்டு நாளும் கண்ணாடிப் பெட்டியை எப்படித் துடைப்பது என்று பாடம் நடந்தது. மூன்றாம் நாள் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து பேசினார்.

"மண்ணைத் தொட்டவன் எல்லாம் மண்ணை அறிந்தவன் இல்லை" என்று ஆரம்பித்தார் அவர். "நான் இந்தத் துறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். இன்றுவரை மண்ணைக் கையால் தொட்டதில்லை. அதனால்தான் மண்ணைப் பற்றி என்னால் நடுநிலையோடு பேச முடிகிறது. இந்த ஜில்லாவில் ஜனங்கள் பிறந்ததுமுதல் மண்ணிலேயே கிடக்கிறார்கள். என்ன கண்டார்கள்? அவர்களிடம் முறை இல்லை. முறையை நாம் கொடுக்கிறோம். மண்ணைப் பிறகு கொடுப்போம்."

எல்லாரும் கைதட்டினார்கள். செய்முறைத் தேர்வுக்குக் களிமண் அறுபது பேருக்குக் காணாது என்பதால், கையில் மண் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு உருட்டும்படி உத்தரவாயிற்று. அறுபது வாத்தியார்கள் வெறுங்கையை உருட்டினார்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவர் கையையும் குனிந்து பார்த்து மார்க் போட்டுக்கொண்டே போனார். திருப்புல்லாணியிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் தேர்வு முடிந்ததும் ஞாபகப் பிசகாகக் கையை வேட்டியில் துடைத்துவிட்டார். அரசாங்க மண்ணை வீணாக்கியதாக அவருக்கு ஐந்து மார்க் குறைந்தது. குத்தூஸ் வாத்தியாருக்கு ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. அவருடைய உருண்டை ஒரு பக்கம் சப்பையாக இருந்ததாம்.

ஊருக்கு வந்த பெட்டியைத் திறக்க முடியவில்லை. கூடவே வந்த கையேட்டில் அது தெளிவாக எழுதியிருந்தது. திறப்பு அலுவலர் ஒருவர் நேரில் வந்து முத்திரையை உடைத்துத் திறந்துவைப்பார். அதுவரைக்கும் பிள்ளைகளுக்குப் பாவனைப் பயிற்சி. கழி மண்ணில் பொம்மை செய்து பழகினால் கை கெட்டுவிடும், ஆகவே அது கூடாது. செய்ய வேண்டிய உருவங்களின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் உருவம் ஆப்பிள்.

வாத்தியார் ஆப்பிளை ஒரு காலண்டர் படத்தில் பார்த்திருந்தார். உருண்டையாக இருக்கும், சிவப்பாக இருக்கும், மேலே ஒரு காம்பு இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். முப்பத்திநான்கு பிள்ளைகளும் தினம் அரைமணி நேரம் காற்றில் ஆப்பிள் செய்தார்கள். ஒருநாள் எட்டு வயது நூர் நிஷா விக்கி விக்கி அழுதாள். என்னவென்று கேட்டதற்கு, பக்கத்துப் பையன் அவளுடைய ஆப்பிளின்மேல் உட்கார்ந்துவிட்டானாம். வாத்தியார் அவனை எழுப்பிவிட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மணி அடித்ததும் அதே பிள்ளைகள் கழிக்கு ஓடி நண்டும் வள்ளமும் திருக்கை மீனுமாகச் செய்து கரை முழுக்க அடுக்கிவைத்தார்கள். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

சித்திரை வெயிலில் கொட்டகையின் ஓலை பிய்ந்து, சரியாகப் பெட்டியின்மேல் வெயில் விழுந்தது. பெட்டியை நிழலுக்கு நகர்த்தலாமா என்று வாத்தியார் எழுதிக் கேட்டார். திறப்பு அலுவலரின் அனுமதியின்றிப் பெட்டியை அசைக்கக்கூடாது என்று ஆடியில் பதில் வந்தது. அதற்குள் அவர் பிள்ளைகள் உட்காரும் பக்கத்து ஓலையைப் பிரித்துப் பெட்டிக்கு மேலே வேய்ந்துவிட்டார். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்தார்கள். அப்படியும் பெட்டியின் கீல்வழியாக எண்ணெயும் மண்ணுமாகப் பிசுபிசுவென்று ஏதோ கசிந்தது.

அக்கரையிலிருந்து தபால் கொண்டுவந்த மூக்கையா அதில் நெல்லிக்காய் அளவு கிள்ளினான். விரலில் வைத்துத் தேய்த்தான், மோந்து பார்த்தான். வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற தகர டப்பாவில் ஓர் ஓட்டை இருந்தது. அதில் வைத்து அழுத்தினான்.

"அண்ணே, அது கவர்மென்ட் சொத்து" என்று வாத்தியார் பதறினார்.

"சொத்து உள்ளதான இருக்கு. இது வெளிய வந்தது" என்றான் மூக்கையா.

அந்த அடைப்பு ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் தண்ணீரில் கிடந்து கரையவில்லை. மூக்கையா அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மனசில் வைத்துக்கொண்டான்.

கார்த்திகை முதல் வாரம் அந்தக் கடிதம் வந்தது. டெபுடி இன்ஸ்பெக்டரே திறப்பு அலுவலராக வருகிறார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப்பில் அக்கரை வந்து சேருவார். பள்ளி அவரை எதிர்கொண்டு அழைத்துச்செல்ல வேண்டும். அதிகாரி உட்காருவதற்குப் பலகையுள்ள வள்ளமாக இருக்க வேண்டும், கட்டுமரம் கூடாது. பின்குறிப்பாக ஒன்று: கைவினைக் களிமண்ணை முழு அளவில், பன்னிரண்டு ராத்தல், காட்ட முடியாத பள்ளிகளும், ஆய்வு அலுவலர் போய்ச்சேர முடியாத பள்ளிகளும் அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கப்படும்.

அருகிலுள்ள பள்ளி கழிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வாத்தியார் இதை ஊர்ச்சாவடியில் வாசித்துக் காட்டினார். மீன் அறுத்துக்கொண்டிருந்த உலகம்மாள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். நூர் நிஷாவோடு படிக்கிற அவளுடைய மகனுக்கு நீச்சல் தெரியாது.

திங்கட்கிழமை பிடித்த மழை விடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் காற்று மூக்கையாவின் வள்ளத்தைத் தூக்கி, கட்டியிருந்த முளைக்கம்பில் அடித்தது. ஊரில் பலகை போட்ட வள்ளம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கட்டுமரம். அடிப்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மூட்டு விட்டுப்போயிற்று. பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்கலாம்தான். அதற்கு மரம் காய வேண்டும். இரண்டு நாள் வெயில் வேண்டும்.

புதன்கிழமை விடிந்ததும் மூக்கையா பள்ளிக்கூட வாசலில் நனைந்துகொண்டு நின்றான். வாத்தியார் பஜ்ரு தொழுதுவிட்டு அப்போதுதான் வந்தார். மூக்கையா பெட்டியைக் கையால் காட்டினான்.

"அதத் தொறங்க வாத்தியாரே. வள்ளத்த அடைக்கணும்."

"அண்ணே, தெரிஞ்சுதான் பேசுறீகளா? அந்த மண்ணு இல்லைன்னா பள்ளிக்கூடம் போயிரும்."

"மண்ணு இருந்து, மனுசன் வந்து சேராட்டியும் போயிரும்ல?"

வாத்தியார் பெட்டியின் பக்கத்தில் குந்தினார். மண்ணைக் காட்ட வேண்டுமென்றால் அதிகாரி வந்தாக வேண்டும். அதிகாரி வரவேண்டுமென்றால் மண் இருக்கக்கூடாது. கடிதத்தை எடுத்துத் திரும்பவும் வாசித்தார். அதில் வழி எதுவும் எழுதியிருக்கவில்லை. மூக்கையா மழையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் ஒரு பிள்ளைய கழியில தேடி எடுத்தவன். எனக்கு மூணு நாளாச்சு எடுக்க."

வாத்தியார் பிஸ்மி சொல்லிக் கல்லால் முத்திரையை உடைத்தார்.

சித்திரை வெயிலில் ஆறு நிறமும் உருகி ஒன்றாகி, ஒரே நிறமாகக் கிடந்தது. கழி மண்ணின் நிறம்.

"மெட்ராஸ்ல இருந்து வந்து நம்ம மண்ணாயிருச்சு" என்றான் மூக்கையா.

பெட்டிக்குள் இருந்த ஆறு மரக்கத்திகளும் அன்றுதான் முதன்முதலாக வேலை செய்தன. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, மேலே ஓலையைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் கையேட்டை வாசித்தார். "கருவியைச் சாய்வாகப் பிடித்து, ஓரத்திலிருந்து மையம் நோக்கி, மெல்ல அழுத்தவும்." மூக்கையா அப்படியே செய்தான். ராமநாதபுரத்துப் பயிற்சி வீண்போகவில்லை. வெளியே ஒரு பூச்சு, நிமிர்த்திப் போட்டு உள்ளே ஒரு பூச்சு. பன்னிரண்டு ராத்தலும் சரியாக இருந்தது, மிச்சம் இல்லை. காலிப் பெட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கக் கழியின் அகலம் பாக்கி இருந்தது.

வாத்தியாரும் மூக்கையாவும் வள்ளத்தோடு அக்கரையில் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு வரவேண்டிய ஜீப் பன்னிரண்டு மணிக்கு வந்தது. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. டெபுடி இன்ஸ்பெக்டர் பூட்சோடு வள்ளத்தில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தார். அவருடைய கிளார்க் சின்னச்சாமி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இணைப்பு உத்தரவு பையில் டைப் அடித்துத் தயாராக இருப்பதாகவும், கையெழுத்து ஒன்றுதான் பாக்கியென்றும் டெபுடி இன்ஸ்பெக்டர் வாத்தியாரிடம் அன்பாகச் சொன்னார். ஓராசிரியர் பள்ளிகளைக் குறைப்பதால் ஆய்வு செய்கிறவர்களுக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சமாகும் என்பதை விளக்கினார். பிள்ளைகள் கொஞ்சதூரம் பயணம் செய்து படிப்பது அவர்களுடைய பூகோள அறிவுக்கும் நல்லது என்றார்.

மூக்கையா கம்பை ஊன்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

நடுக்கழியில் வள்ளம் ஒருதரம் ஆடிச் சாய்ந்தது. டெபுடி இன்ஸ்பெக்டர் காலை மாற்றி வைத்தார். வைத்த கால் ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டது. எடுத்தார். பூட்சோடு ஒரு வரட்டி அளவு மண் பிய்த்துக்கொண்டு வந்தது. அது இருந்த இடத்திலிருந்து தண்ணீர் விரல் கனத்துக்கு எழும்பி அவருடைய கால்சட்டைக்குள் போயிற்று.

"காலைத் திருப்பி வைங்கய்யா" என்றான் மூக்கையா. சத்தம் போடவில்லை. "வச்சு அமுக்குங்க. இன்னும். அப்படித்தான். எடுத்துறாதீக."

டெபுடி இன்ஸ்பெக்டர் அமுக்கினார். தண்ணீர் நின்றது. சின்னச்சாமி பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இது?" என்றார் டெபுடி இன்ஸ்பெக்டர்.

வாத்தியார் நாற்பது விதமான பதில் யோசித்து வைத்திருந்தார். "களிமண்ணு சார்" என்றார். "நம்ம களிமண்ணு. பன்னெண்டு ராத்தல்."

டெபுடி இன்ஸ்பெக்டர் இருபத்திரண்டு வருஷ சர்வீசின் குரலில் பேசினார். இது அரசாங்க சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் என்றார். திறப்பு அலுவலர் வருவதற்குமுன் திறந்தது அதைவிடப் பெரிய குற்றம். மண் முழுவதையும் இந்த நிமிஷமே எடுத்துத் தன்முன்னால் வைக்க வேண்டும், இல்லையென்றால் இங்கேயே கையெழுத்துப் போடுவேன் என்றார்.

மூக்கையா ஊன்றுவதை நிறுத்தினான். வள்ளம் காற்றுக்கு மெல்லத் திரும்பியது. "எடுத்துத் தாரேன்யா" என்றான். கம்பைக் குறுக்கே வைத்துவிட்டு அவர் காலடியில் குனிந்தான். "காலை மட்டும் கொஞ்சம் தூக்குங்க."

டெபுடி இன்ஸ்பெக்டர் கழியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் கரை இருந்தது.

அவர் காலைத் தூக்கவில்லை.

"எம் மக இந்த எடத்துலதான்யா போனா" என்றான் மூக்கையா, குனிந்தபடியே. வேண்டுமென்று சொன்னதாகவும் தெரியவில்லை, இடம் வந்ததால் சொன்னதுபோல இருந்தது.

சின்னச்சாமி கண்ணை மூடிக்கொண்டு, "சார், நிறுவப்பட்ட நிலையில் பார்வையிட்டதாக ரூல் இருக்கு சார்" என்றார். "கிணத்துக்குள்ள இருக்கிற பம்பை அப்படித்தான் சார் பார்ப்பாங்க. கழட்ட மாட்டாங்க."

"எந்த ரூல்?"

"கரைக்குப் போய்த் தேடிச் சொல்றேன் சார்."

டெபுடி இன்ஸ்பெக்டர் வெகுநேரம் யோசித்தார். யோசிக்கிற நேரத்திலும் காலின் அழுத்தம் குறையவில்லை. மூக்கையா நிமிர்ந்து கம்பை எடுத்தான். வள்ளம் ஓலைத்திடலை நோக்கி நகர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாகக் கல்வித்துறை களிமண்ணைத் தொட்டுக்கொண்டு வந்தது.

கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அதிகாரியைக் கண்டதும் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாரும் கையைத் தூக்கிக் காற்றில் ஆப்பிள் செய்தார்கள். அவர் அதை நின்று பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். திரும்பிப் போக வேறு வள்ளம் இருக்கிறதா என்று. இல்லை என்றார்கள். அப்படியானால் மண் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். அறிக்கையை அங்கேயே, நின்றுகொண்டே எழுதினார்: "களிமண் நிறுவப்பட்ட நிலையில் நேரில் பார்வையிடப்பட்டது. முழு அளவும் உள்ளது. ஒட்டும் தன்மை மிகவும் திருப்தி." மூக்கையா பிய்ந்த இடத்தை மரக்கத்தியால் சரிசெய்து அவர்களை அக்கரை கொண்டுபோய் விட்டான். போகும்போதும் அவர் காலை அதன்மேலேயே வைத்திருந்தாராம்.

தையில் உத்தரவு வந்தது. வாத்தியார் சாவடியில் வாசித்தார். அரசாங்கக் களிமண் பன்னிரண்டு ராத்தல் மேற்படி வள்ளத்தில் நிறுவப்பட்டிருப்பதால், வள்ளம் இனிக் கைவினைக் கல்விச் சாதனமாகக் கருதப்படும். கல்விச் சாதனம் எதையும் தண்ணீரில் நனைக்கக்கூடாது. ஆகவே வள்ளத்தை உடனே கரையேற்றிப் பள்ளி வளாகத்தில் சங்கிலியிட்டுப் பூட்டி வைக்க வேண்டும். மதராசிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து மண்ணைப் பிரித்தெடுத்த பிறகே வள்ளம் உரியவரிடம் ஒப்படைக்கப்படும். வள்ளம் இல்லாத காரணத்தால் மாணவர்கள் கழியைக் கடக்க இயலாது. எனவே இணைப்பு நடவடிக்கை, நிபுணர் வரும்வரை, நிறுத்திவைக்கப்படுகிறது.

வாத்தியார் நிமிர்ந்து மூக்கையாவைப் பார்த்தார். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். அந்த வள்ளத்தை விட்டால் அவனுக்கு இரண்டு கையைத் தவிர வேறொன்றும் கிடையாது.

"பள்ளிக்கூடம் இருக்குமா இருக்காதா? அதச் சொல்லுங்க" என்றான் மூக்கையா.

"இருக்கும்ணே."

"பெறகென்ன. ஒரு கை கொடுங்கப்பா, தூக்கிருவோம்."

இருபது பேர் சேர்ந்து வள்ளத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிள்ளைகள் அன்றைக்கே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஓலை பிரித்த பக்கத்தைவிட அங்கே நிழல் அதிகம். மூக்கையா மறுவாரத்திலிருந்து பெரியபட்டினத்தில் இன்னொருவர் வள்ளத்துக்கு ஆளாகப் போகத் தொடங்கினான்.

வள்ளம் பூட்டப்பட்டதற்கான சான்றை வாத்தியார் நேரில் ராமநாதபுரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று உத்தரவின் கடைசி வரி சொன்னது. தைக் கழி மார்பளவு இருந்தது. கட்டுமரங்கள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. வாத்தியார் சட்டையைக் கழற்றி, சான்றைச் சட்டைக்குள் சுருட்டி, தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு கழியில் இறங்கினார். மூக்கையா வேலைக்குப் போகிறவன், கம்பை ஊன்றிப் பள்ளம் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

நடுக்கழிக்கு வந்தபோது, "அந்த மெட்ராஸ்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டான்.

"கேட்டு எழுதியிருந்தேன், பதில் வந்துருச்சுண்ணே. வாரதுக்கு அவரு தயாராத்தான் இருக்காராம்."

"பெறகு?"

"பலகை போட்ட வள்ளம் அனுப்பி வைக்கணுமாம்."

மூக்கையா நின்றான். தண்ணீர் அவன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. பின்னால் ஓலைத்திடலில் பிள்ளைகளே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் கழிக்கரைக்கு ஓடிவந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றி நடந்தான்.